புரோகிராமர் தொடங்கும் நிறுவனம்: செய்வதைக் காசு கொடுத்து வாங்குவார்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பகலில் வேலை, இரவில் சொந்த மென்பொருள் என்று கோலாலம்பூரிலும் பினாங்கிலும் ஓடிக்கொண்டிருக்கும் தமிழ் புரோகிராமர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. சிறு, நடுத்தர வணிகங்களுக்கு விற்க நினைப்பவர்களுக்காக எழுதியது. விளையாட்டுச் செயலி செய்பவர்களுக்குப் பாதிதான் பொருந்தும்.

புரோகிராமர்கள் தொடங்கும் நிறுவனங்கள் விலைபோகும் பொருளைச் செய்கின்றனவா, தங்களுக்குப் பிடித்ததைச் செய்கின்றனவா?

இரண்டும் நடக்கிறது. பின்னர் மைக்ரோசாஃப்டைத் தொடங்கிய பில் கேட்ஸும் பால் ஆலனும் 1975இல் ஆல்டேர் கணினிக்கு பேசிக் மொழி தருகிறோம் என்று அதைத் தயாரித்த எம்ஐடிஎஸ் நிறுவனத்தை அணுகியபோது கையில் ஒரு வரி நிரல்கூட இல்லை. கொண்டுவந்து காட்டுங்கள் என்று அங்கே சொன்ன பிறகுதான் உட்கார்ந்து எழுதினார்கள். இன்றைய ஸோகோ 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியபோது நெட்வொர்க் கருவி தயாரிப்பாளர்களுக்கு மென்பொருள் விற்றது. ஊருக்குப் பெயரே தெரியாத சரக்கு, ஆனால் வாங்குபவர் யார் என்பதில் குழப்பமே இல்லை. இந்த இரண்டும் புரோகிராமர்கள் தொடங்கியவைதான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. கூகுளின் கெட்டிக்காரப் பொறியாளர்கள் 2009இல் வெளியிட்ட, பலர் ஒன்றாக எழுதிப் பேசும் வேவ் என்ற தளம், அடுத்த ஆண்டே நிறுத்தப்பட்டது. கோலாலம்பூரில் 2012இல் மைடெக்சி என்று தொடங்கி கிராப் ஆன நிறுவனத்தை ஆரம்பித்த இருவரும் ஹார்வர்டில் வணிகம் படித்தவர்கள், புரோகிராமர்கள் இல்லை. தோற்றுப்போன 101 நிறுவனங்கள் தாங்களே சொன்ன காரணங்களை சிபி இன்சைட்ஸ் என்ற ஆய்வு நிறுவனம் 2014இல் தொகுத்தபோது, மிக அதிகமாக, 42 விழுக்காட்டில் வந்த காரணம் சந்தையில் தேவை இல்லாமல் போனது. புரோகிராமர் தொடங்கியவை என்று தனியாகப் பிரித்த கணக்கு இல்லை அது. இருந்தாலும் இங்கே பார்க்கிற நிலவரமும் அதையேதான் சொல்கிறது.

புரோகிராமருக்கு விற்கத் தெரியாது என்பது வழக்கமான குற்றச்சாட்டு. எங்கள் கணிப்பில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நிரல் எழுதத் தெரியாதவர் ஒரு செயலி வேண்டுமென்றால் யாருக்காவது 40,000 ரிங்கிட் கொடுக்க வேண்டும். அந்தப் பயத்திலேயே பத்துப் பேரைக் கேட்டுவிட்டுத்தான் இறங்குவார். புரோகிராமருக்கு அந்தச் செலவு கண்ணில் படாது. சனிக்கிழமை தோன்றியது ஞாயிற்றுக்கிழமை ஓட ஆரம்பித்துவிடும், கேட்க வேண்டிய கேள்வி கேட்கப்படாமலே போய்விடும்.

குறிப்பாக எங்கே சறுக்குகிறார்கள்?

சுவாரசியமான பகுதியிலிருந்து தொடங்குவதில். டியூஷன் மையத்துக்கு மென்பொருள் என்றால் அட்டவணை தானாகப் போடும் அல்காரிதத்தில் இரண்டு மாதம் போய்விடும். பிரிக்பீல்ட்ஸில் டியூஷன் நடத்துபவருக்கு அட்டவணை வருடத்துக்கு ஒருமுறைத் தலைவலி. மாதாமாதத் தலைவலி, கட்டணம் கட்டாத பிள்ளைகளின் பெற்றோரிடம் முகம் கோணாமல் காசு கேட்பது. அதற்கு எழுத வேண்டிய நிரல் மிகச் சாதாரணம்: யார் கட்டவில்லை என்ற பட்டியல், 7ஆம் தேதி ஒரு நினைவூட்டல், 14ஆம் தேதி இன்னொன்று, ரசீது. சலிப்பான வேலை என்பதால் யாரும் தொடுவதில்லை.

அடுத்தது, தன்னைப் போன்றவர்களுக்கே செய்வது. புரோகிராமருக்கு நன்றாகத் தெரிந்த தொல்லை புரோகிராமரின் தொல்லைதான், ஆகவே டெவலப்பர் கருவி, குறிப்பேட்டுச் செயலி, செலவுக் கணக்குச் செயலி என்று போகும். அந்தச் சந்தையில் வாங்க வருபவர் பாதிப் பேர், 'இதை நானே ஒரு ராத்திரியில் எழுதிவிடுவேனே' என்று நினைப்பவர்கள்.

மூன்றாவது, உள்நுழைவுப் பக்கம், கடவுச்சொல் மீட்பு, அனுமதி அடுக்குகள், இரவு நேர நிறம் எல்லாவற்றையும் முதல் வாடிக்கையாளர் வருவதற்கு முன்பே முடிப்பது. முதல் ஐந்து வாடிக்கையாளருக்குக் கடவுச்சொல்லை நீங்களே வாட்ஸ்அப்பில் மாற்றிக்கொடுக்கலாம்.

பத்துப் பேரிடம் காட்டினேன். எல்லாரும் 'நல்லா இருக்கு தம்பி, முடிஞ்சதும் சொல்லுங்க' என்றார்கள். இவர்கள் வாங்குவார்களா?

பெரும்பாலும் மாட்டார்கள். நம் ஆட்கள் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்வதில்லை, அதுவும் தெரிந்தவர் வீட்டுப் பிள்ளையிடம். 'முடிஞ்சதும் சொல்லுங்க' என்பது மரியாதையாக அனுப்பிவைக்கும் வழி.

வாயால் சொல்வதை விட்டுவிட்டு என்ன கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். கடை நேரத்தில் அரை மணி உட்கார்ந்து பேசினால் கொஞ்சம் அக்கறை இருக்கிறது. தன் உண்மையான எக்செல் கோப்பை, வாடிக்கையாளர் பெயரோடு, அனுப்பினால் நம்பிக்கை இருக்கிறது. 'என் கிராணியிடம் பேசுங்கள்' என்று வேலை செய்யும் எழுத்தரைக் காட்டிவிட்டால் இன்னும் நல்லது. 200 ரிங்கிட் முன்பணம் கட்டினால் மட்டுமே வாடிக்கையாளர். அண்ணன், மாமா, கோயில் கமிட்டிப் பழக்கம் எல்லாம் முதல் சந்திப்புக்கு உதவும், கணக்கில் சேர்க்காதீர்கள். உறவுக்காக வாங்கியவர் பயன்படுத்தவும் மாட்டார், குறையும் சொல்ல மாட்டார்.

அப்படியென்றால் போய் என்னதான் கேட்பது?

'இப்படி ஒரு செயலி இருந்தால் வாங்குவீர்களா' என்ற கேள்வியை மறந்துவிடுங்கள். போன வாரம் நடந்ததைக் கேளுங்கள். பட்டர்வொர்த்தில் கண்டெய்னர் லோரி ஓட்டும் ஒரு சிறு நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். முதலாளியைவிட பில் போடும் கிராணியிடம்தான் விஷயம் இருக்கும். பேச்சு இப்படிப் போக வேண்டும் (டிஓ என்பது டெலிவரி ஆர்டர், சரக்கைப் பெற்றவர் கையெழுத்துப் போடும் தாள்):

"அக்கா, போன வாரம் எந்த இன்வாய்ஸ் லேட்டாப் போச்சு?"

"ஈப்போ டிரிப்தான். டிரைவர் டிஓவ லோரியிலயே வெச்சுக்கிட்டு அடுத்த டிரிப்புக்குப் போயிட்டான். கையெழுத்துப் போட்ட டிஓ இல்லாம அவங்க பில்லயே வாங்க மாட்டாங்க."

"அப்ப என்ன செஞ்சீங்க?"

"போட்டோ புடிச்சு அனுப்பச் சொன்னேன். பாதி எழுத்து தெரியல. நாலு நாள் போச்சு, மாசக் கடைசியும் தாண்டிடுச்சு."

"மாசத்துக்கு இப்படி எத்தனை வரும்?"

"பத்துக்குக் கொறையாது தம்பி. திட்டு வாங்கறது நான்தான்."

இதிலும், தவணையையும் டிரிப் விலையையும் பற்றி இன்னும் இரண்டு கேள்வி கேட்டாலும், தேவையான விவரம் கிடைத்துவிடும். கையெழுத்திட்ட டெலிவரி ஆர்டர் இல்லாமல் பணம் வராது. வாடிக்கையாளரின் 60 நாள் தவணை, இன்வாய்ஸ் போய்ச் சேர்ந்த நாளில்தான் தொடங்கும். மாதக் கடைசியைத் தவறவிட்டால் பணம் அடுத்த மாதச் சுற்றுக்குத் தள்ளிப்போகும். ஒரு டிரிப் 900 ரிங்கிட் என்றால், பத்து டிரிப்புக்கு 9,000 ரிங்கிட் ஒரு மாதம் முடங்கிக் கிடக்கிறது, டீசலுக்கும் டிரைவர் சம்பளத்துக்கும் முதலாளி கையிலிருந்து போட்டுக்கொண்டிருக்கிறார்.

கடைசியாக ஒன்றைக் கேட்காமல் எழுந்து வராதீர்கள்: இதைச் சரிசெய்ய இதுவரை ஏதாவது செலவழித்திருக்கிறீர்களா? பகுதிநேர ஆள் வைத்தது, வேறொரு மென்பொருள் வாங்கிப் பாதியில் விட்டது, டிரைவருக்கு அபராதம் போட்டது, எதுவானாலும் சரி. ஒன்றுமே செய்யவில்லை என்றால் தொல்லை உண்மைதான், ஆனால் காசு செலவழிக்கிற அளவுக்கு இல்லை. ஃபிரெஷ்வொர்க்ஸ் தொடங்கிய கதையும் இப்படித்தான். 2010இல் வாடிக்கையாளர் ஆதரவு மென்பொருள் விற்கும் ஸென்டெஸ்க் விலையை ஏற்றியபோது அதன் வாடிக்கையாளர்கள் கொதித்ததைப் படித்துவிட்டு கிரிஷ் மாத்ருபூதம் அதே வகை மென்பொருளைச் சென்னையில் தொடங்கினார். காசு கட்டிக்கொண்டே புலம்பும் கூட்டம் ஏற்கெனவே அங்கே இருந்தது.

எத்தனை பேரிடம் பேச வேண்டும்?

ஒரே தொழிலில் 15 முதல் 20 பேர். ஐந்து தொழிலில் நான்கு நான்கு பேர் என்று பிரித்தால் எதிலும் ஒரே குரல் கேட்காது. ஏழு, எட்டுப் பேர் நீங்கள் கேட்காமலே ஒரே தொல்லையைச் சொன்னால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். கடைகளுக்குப் போகும் நேரம் முக்கியம்: மஸ்ஜித் இந்தியா துணிக்கடைக்குத் தீபாவளிக்கு முந்தைய மாதம் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நிரல் எழுதாமல் எப்படி விற்க முடியும்?

மென்பொருள் செய்யப்போகும் வேலையை முதலில் கையால் செய்து, அதற்குக் காசு வாங்குங்கள். மேலே சொன்ன லோரி நிறுவனத்தையே எடுத்துக்கொண்டால்:

புதிய சிம் ஒன்று வாங்கி வாட்ஸ்அப் பிசினஸ் போடுங்கள். டிரைவர்கள் சரக்கு இறக்கியதும் டிஓவைப் படம் எடுத்து அந்த எண்ணுக்கு அனுப்ப வேண்டும். நீங்கள் டிஓ எண், கண்டெய்னர் எண், தேதி, இடம் நான்கையும் கூகுள் ஷீட்டில் ஏற்றுகிறீர்கள், படத்தை டிஓ எண்ணையே பெயராக வைத்துச் சேமிக்கிறீர்கள். மாலை 6 மணிக்கு அன்றைய டிரிப் பட்டியலோடு ஒப்பிட்டு, வராத டிஓக்களை மட்டும் கிராணிக்கு அனுப்புகிறீர்கள். இவ்வளவுதான் சேவை. தினமும் ஒரு மணி நேரத்துக்குமேல் பிடிக்காது.

நான்கு வாரம் இப்படி ஓட்டினால், மேசையில் உட்கார்ந்து யோசித்தால் தெரியாத பலது தெரியவரும். டிஓ கார்பன் நகல் புத்தகத்தில் மூன்றாவது தாள் வெளிறிப்போயிருக்கும். ஃபிளாஷ் போட்டால் எழுத்தே மறையும், நிழலில் இருக்கையின்மேல் வைத்து ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கச் சொல்ல வேண்டும். எல்லா டிரைவருக்கும் ஆங்கிலம் வராது, குறிப்புகளை மலாயில் எழுத வேண்டும். கண்டெய்னர் எண்ணில் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் இருக்கும், கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிடப்படுவது. தட்டச்சில் பிழை வந்தால் அதை வைத்தே பிடித்துவிடலாம். நீங்கள் எழுத வேண்டிய முதல் நிரல் இந்தப் பத்து வரிதான்.

டிரைவர் ஏன் படம் அனுப்ப வேண்டும் என்ற கேள்வியும் முதல் வாரத்திலேயே வந்துவிடும். அவருக்கு இதில் லாபம் எதுவும் இல்லை. டிஓ படம் வந்த டிரிப்புக்கு மட்டும் அந்த வார டிரிப் காசு என்று முதலாளி விதி போட்டால் மறுநாளே எல்லாம் சரியாகிவிடும். காசு கட்டுபவர் முதலாளி, பலன் கிராணிக்கு, வேலை டிரைவர் தலையில். இந்த மூவரில் ஒருவரை மறந்தாலும் மென்பொருள் மூன்றாவது வாரத்தில் நின்றுபோகும்.

ஓர் எச்சரிக்கை: தானியங்கியாக்கும் ஆசையில் அதிகாரபூர்வமில்லாத வாட்ஸ்அப் நிரல் தொகுப்பை (லைப்ரரி) மாட்டினால் எண்ணையே தடைசெய்துவிடுவார்கள். வாடிக்கையாளரின் டிஓக்கள் எல்லாம் அந்த எண்ணில் இருக்கும் நாளில் அது நடக்கும்.

முதல் மூன்று மாதம் இலவசமாகக் கொடுத்தால் என்ன?

இலவசமாகக் கொடுத்ததை யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை, ஆகவே எதுவும் தெரியவராது. ஒரு பக்கத்தில் கொட்டேஷன் கொடுங்கள்: என்ன செய்வோம், மூன்று மாதம், 1,500 ரிங்கிட், பாதி முன்பணம், பாதி இரண்டாம் மாத முடிவில், திருப்தி இல்லையென்றால் முன்பணத்தில் பயன்படுத்தாத பங்கைத் திருப்பித் தருவோம். தொகை சிறியதுதான், ஆனால் 750 ரிங்கிட்டுக்கு அவர் கையெழுத்துப் போட யோசிக்கும்போது சொல்கிற காரணத்தில்தான் உண்மை வெளிவரும். 'பார்ட்னரைக் கேட்கணும்' என்றால் நீங்கள் முடிவெடுக்காதவரிடம் பேசிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். 'கணக்காளரைக் கேட்கணும்' என்றால் அடுத்த சந்திப்பு அவரோடு.

விலையை எப்படி நிர்ணயிப்பது?

முதலில் உங்கள் பக்கக் கணக்கு. மாதம் 6,000 ரிங்கிட்டுக்கு ஒரு புரோகிராமரை வைத்தால், முதலாளி தரப்பு ஊழியர் சேமநிதி 12 விழுக்காடு, அதாவது 720 ரிங்கிட். 5,000க்கு உட்பட்ட சம்பளமென்றால் அது 13 விழுக்காடு. சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் வேலைக் காப்புறுதியும் சேர்ந்தால் மொத்தம் ஏறத்தாழ 6,840. மாதம் 99 ரிங்கிட் என்று விற்றால் அந்த ஒருவர் சம்பளத்துக்கே 70 வாடிக்கையாளர் வேண்டும். 450 ரிங்கிட் என்றால் 16 போதும். 70 வாடிக்கையாளரை ஒருவரால் நேரில் போய் அமர்ந்து பழக்கிவிட முடியாது, 16 பேரை முடியும். 99 ரிங்கிட் விலை பார்க்க எளிது, ஆனால் விளம்பரத்துக்கும் தொலைபேசி ஆதரவுக்கும் ஆள் வைத்திருக்கும் பெரிய நிறுவனத்துக்குத்தான் அது கட்டுப்படியாகும்.

விட்டுப்போகிறவர்களையும் கணக்கில் சேருங்கள். மாதம் 4 விழுக்காடு பேர் விலகினால் ஆண்டு முடிவில் 100இல் 61 பேர்தான் மிச்சம். சிறு உணவகம், சலூன் போன்ற தொழில்களில் கடையே மூடப்படுவதால் விலகுபவர்கள் அதிகம்.

அடுத்து வாங்குபவர் பக்கம். முடங்கும் 9,000 ரிங்கிட்டை வைத்து 450 கேட்டால் அவருக்குக் கணக்கு புரியும். 'எங்கள் மென்பொருளில் 14 வசதிகள்' என்று தொடங்கினால் பேரம் 200க்கு இறங்கும்.

எதன்மேல் விலை வைப்பது என்பதிலும் உள்ளூர் அனுபவம் வேண்டும். ஒரு பயனருக்கு இவ்வளவு என்று வைத்தால் அலுவலகம் முழுவதும் ஒரே கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொள்ளும். லோரிக்கு இவ்வளவு, கிளைக்கு இவ்வளவு, மாணவருக்கு இவ்வளவு என்று வைத்தால் மறைக்க முடியாது, தொழில் வளரும்போது உங்கள் வருமானமும் வளரும்.

'மாசாமாசம் வேண்டாம், ஒரே தடவை எவ்வளவு?' என்று நிச்சயம் கேட்பார்கள். ஒரே தொகைக்கு விற்றால் ஐந்தாவது ஆண்டிலும் இரவு பத்து மணிக்கு உங்களுக்குத்தான் போன் வரும். முதலில் நிறுவித் தருவதற்கு ஒரு கட்டணம், பிறகு ஆண்டுக் கட்டணம் ஒன்று என்று பிரியுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை இன்வாய்ஸ், வங்கிப் பரிமாற்றம், இது அவர்களுக்கும் பழக்கமான முறை. 12 மாதத்தில் வருவாய் 500,000 ரிங்கிட்டைத் தாண்டினால் சேவை வரிக்குப் பதிய வேண்டும். 2024 மார்ச் முதல் அது 8 விழுக்காடு, விலையோடு சேர்த்தா தனியா என்பதைக் கொட்டேஷனிலேயே எழுதிவிடுங்கள்.

முதலில் ஆயிரக்கணக்கில் இலவசப் பயனரைச் சேர்த்துவிட்டு, பிறகு காசு பண்ணலாம் என்கிறார்களே?

பண்ணலாம், காசு கொடுப்பவர் வேறொருவராக இருந்தால். 1997இல் மலேசியாவில் தொடங்கிய ஜோப்ஸ்ட்ரீட்டில் வேலை தேடுபவருக்கு இலவசம், ஆள் தேடும் நிறுவனம்தான் கட்டியது. 2014இல் அதை ஆஸ்திரேலியாவின் சீக் வாங்கியது. யார் கட்டுவார் என்பது அங்கே முதலிலேயே தெளிவு. கூகுள் 1998இல் நிறுவப்பட்டு 2000இல்தான் ஆட்வேர்ட்ஸ் விளம்பரத்துக்கு வந்தது என்பதைக் காட்டுபவர்கள், அதற்கு உலகம் முழுவதும் தேடுபவர்கள் இருந்தார்கள் என்பதை விட்டுவிடுகிறார்கள்.

மலேசிய இந்தியர் மொத்தமே ஏறத்தாழ 20 லட்சம். அவர்களுக்கான செய்திச் செயலி, பஞ்சாங்கச் செயலி விளம்பரத்தில் பிழைப்பது கடினம். செயலிக் கடைகள் வழியாகச் சந்தா வாங்கினால் அதில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். திருமணத் தகவல் சேவை இதில் விதிவிலக்கு. பெற்றோர் தரகருக்கும் ஜாதகம் பார்ப்பவருக்கும் ஏற்கெனவே காசு கொடுத்துப் பழகியவர்கள். மண்டபம், சமையல், மேளம் என்று கல்யாணத்தைச் சுற்றியுள்ள தொழில்களிலும் அப்படித்தான்.

இ-இன்வாய்ஸ் கட்டாயமாகிறது. அதற்கு மென்பொருள் செய்தால் விற்குமா?

சட்டம் உண்டாக்கும் தேவை உண்மையான தேவைதான், ஆனால் கூட்டமும் அங்கேதான். ஒவ்வொரு இன்வாய்ஸையும் மின்வழி வாரியத்துக்கு அனுப்ப வேண்டும் என்ற உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் திட்டம் 2024 ஆகஸ்ட் 1இல் 10 கோடி ரிங்கிட்டுக்குமேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களிலிருந்து தொடங்கி, 2025 ஜனவரியில் 2.5 கோடிக்கும், ஜூலையில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை எட்டியது. விலக்கு வரம்பு முதலில் 150,000 ரிங்கிட், அப்புறம் 500,000, அப்புறம் 10 லட்சம் என்று ஏறியது. சின்னக் கடைகளை நம்பிப் பொருள் செய்தவர்களுக்கு ஒவ்வொரு ஏற்றத்திலும் சந்தையில் ஒரு துண்டு போனது.

வாரியத்தின் மைஇன்வோய்ஸ் தளம் இலவசம். மாதம் 20 இன்வாய்ஸ் போடுபவருக்கு அதுவே போதும், அவரிடம் விற்கப் போகாதீர்கள். காசு இருக்கும் இடம் இடைவெளிகளில்: கவுன்டரில் பில் போடும் பழைய பிஓஎஸ் கருவியிலிருந்து விற்பனையை எடுத்து, மாதம் முடிந்து 7 நாளுக்குள் ஒருங்கிணைந்த இன்வாய்ஸாக அனுப்புவது. 10,000 ரிங்கிட்டைத் தாண்டும் ஒற்றை விற்பனையைத் தனியே பிரிப்பது, நகைக்கடைகளுக்கு இது தினசரிப் பிரச்சினை. 72 மணி நேர ரத்து அவகாசம் முடியும் முன்பே தவறான இன்வாய்ஸைக் காட்டிக்கொடுப்பது. வாங்குபவரின் வரி எண்ணைக் கவுன்டரிலேயே சரியாக வாங்குவது. இன்வாய்ஸில் நிரப்ப வேண்டிய 55 தகவல் புலங்களில் பாதிக் கடைகளுக்குத் தொல்லை தருவது இந்த ஒன்றுதான், எண் தவறினால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் திரும்பிவரும். வாரியம் சோதனைத் தளமும் தருகிறது, ஜேசன் வடிவிலேயே அனுப்பலாம், தொழில்நுட்பம் கடினமில்லை. கடையிலிருக்கும் பழைய கருவியிலிருந்து தரவை வெளியே எடுப்பதுதான் வேலை.

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு விற்கலாமா?

இன்டெல் 1972இல் வந்த காலத்திலிருந்தே அங்கே பணம் இருக்கிறது, பொறுமையும் நிறைய வேண்டும். பன்னாட்டு நிறுவனத்தில் விற்பனையாளர் பதிவு, பாதுகாப்புக் கேள்வித்தாள், வெளிநாட்டுத் தலைமையகத்தின் ஒப்புதல் எல்லாம் முடிவதற்குள் ஒரு சிறு நிறுவனத்தின் கையிருப்பு கரைந்துவிடும். அவர்களுக்கு உதிரிபாகம் செய்துகொடுக்கும் 20, 50 பேர் கொண்ட இயந்திரப் பட்டறைகள் நல்ல வாடிக்கையாளர்கள். அளவுக்கருவிகளின் காலிபரேஷன் சான்றிதழ் எப்போது காலாவதியாகிறது, எந்தப் பாகத்துக்கு எந்த ஆய்வறிக்கை போனது என்பதையெல்லாம் எக்செல்லில் வைத்துக்கொண்டு, தணிக்கை வாரத்தில் இரவு முழுக்கத் தேடுவார்கள். தணிக்கையில் குறை எழுதப்பட்டால் ஆர்டரே ஆடிப்போகும் என்பதால் முதலாளியே நேரில் உட்கார்ந்து கேட்பார்.

நீங்களே அங்கே ஒரு நிறுவனத்தில் வேலை செய்கிறீர்கள் என்றால் முதலில் பணி ஒப்பந்தத்தைப் படியுங்கள். 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, வேலையின் பகுதியாக எழுதியது முதலாளிக்குச் சொந்தம். சில ஒப்பந்தங்கள் அதைவிட அகலமாக எழுதப்பட்டிருக்கும். அலுவலக மடிக்கணினி, அலுவலக நேரம், அலுவலக கிட் கணக்கு எதையும் தொடாதீர்கள்.

விற்பனை தெரிந்த ஒரு பார்ட்னரைச் சேர்த்துக்கொண்டால் இதெல்லாம் தீருமா?

முதல் பத்து வாடிக்கையாளர் வரை தீராது. 'விலை அதிகம்' என்று அவர் கேட்டுவந்து சொல்வதற்கும், வாடிக்கையாளர் எந்தத் திரையைப் பார்த்து முகம் சுளித்தார் என்று நீங்களே பார்ப்பதற்கும் தூரம் அதிகம். அதன் பிறகு சேர்க்கலாம், அதே தொழிலில் பத்து ஆண்டு இருந்தவராகப் பாருங்கள். பங்கை முதல் நாளே பாதிப் பாதி எழுதிக் கொடுக்காதீர்கள். நான்கு ஆண்டில் படிப்படியாகச் சேரும்படியும், முதல் ஆண்டுக்குள் விலகினால் பங்கே இல்லை என்றும் பங்குதாரர் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். நண்பர்களுக்குள் எதற்கு என்று தோன்றும். நண்பர்களுக்குத்தான் அதிகம் தேவைப்படுகிறது.

மானியம், கடன்?

அரசு நிதி நிறுவனமான கிரேடில் ஃபண்டின் சிஐபி ஸ்பார்க் மானியம் 150,000 ரிங்கிட் வரை தருகிறது. கிராபும் ஆரம்பத்தில் கிரேடிலின் பணம் பெற்றதுதான். பணம் கட்டம் கட்டமாக வரும், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒத்துக்கொண்ட வேலையை முடித்துக் காட்ட வேண்டும். ஆபத்தும் அதில்தான்: வாடிக்கையாளர் திசை மாற்றச் சொல்லும்போது விண்ணப்பத்தில் எழுதியதையே கட்டிக்கொண்டிருப்பீர்கள். இரண்டு, மூன்று பேர் காசு கட்டிய பிறகு விண்ணப்பித்தால் விண்ணப்பமும் பலமாக இருக்கும், திட்டமும் ஓரளவு நிலைத்திருக்கும். இந்தியத் தொழில்முனைவோருக்கான தெக்குன் ஸ்பூமி திட்டம் கடன், திருப்பிக் கட்ட வேண்டியது. வருமானம் வராத பொருளை வைத்துக்கொண்டு அதை எடுக்காதீர்கள்.

நிறுவனத்தை எப்போது பதிவது?

முதல் முன்பணம் வாங்குவதற்கு முன். நிறுவனப் பதிவு ஆணையமான எஸ்எஸ்எம்மில் வணிகப் பெயரில் ஒற்றை உரிமையாளர் வணிகமாகப் பதிய ஆண்டுக்கு 60 ரிங்கிட், வங்கிக் கணக்குக்கும் கொட்டேஷனுக்கும் அது போதும். சென்டிரியான் பெர்ஹாட் (தனியார் வரையறுக்கப்பட்ட நிறுவனம்) பதிவுக்கு 1,000 ரிங்கிட், 30 நாளுக்குள் நிறுவனச் செயலாளரை நியமிக்க வேண்டும், அவருக்கு மாதக் கட்டணம் வேறு. பெரிய வாடிக்கையாளர் கேட்கும்போது, அல்லது பார்ட்னர் சேரும்போது மாறிக்கொள்ளலாம்.

எப்போது விட்டுவிடுவது?

தொடங்கும் முன்பே ஒரு தேதியையும் ஓர் எண்ணையும் எழுதி வையுங்கள். ஒரே தொழிலில் 20 பேரிடம் பேசி ஒருவர்கூட முன்பணம் தரவில்லை என்றால் அந்தத் தொழிலை விடுங்கள், நிரலை மெருகேற்றிக்கொண்டிருக்காதீர்கள். முன்பணம் வந்து, மூன்று மாதம் முடிந்து, ஐந்து பேரில் மூன்று பேர் புதுப்பிக்கவில்லை என்றால் வாக்குறுதி சரி, பொருள் சரியில்லை. போய் மூவரையும் பாருங்கள், கடைசியாக எந்த நாளில் திறந்தார்கள் என்பதைப் பதிவேட்டில் பார்த்துவிட்டுப் போங்கள். அந்த வாரத்தில் கிராணி விடுப்பில் போயிருக்கலாம், டிரைவர் மாறியிருக்கலாம்.

மூடுவது என்று முடிவானால் 60 நாள் முன்னறிவிப்புக் கொடுங்கள். வாடிக்கையாளரின் தரவை எக்செல்லாகவும் படங்களை டிஓ எண்வாரியாகவும் ஒப்படையுங்கள், ஆண்டுக் கட்டணத்தில் மிச்ச மாதங்களுக்கானதைத் திருப்பிக் கொடுங்கள். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால், ஒப்படைத்த பிறகு உங்களிடமுள்ள டிரைவர் பெயர், ஐசி எண், தொலைபேசி எண்களை அழித்துவிட்டு, அழித்ததை எழுத்தில் தெரிவியுங்கள்.